மணலுக்குள் சேறு எங்கே தங்குகிறது? குழாய் வைத்து அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஜூனில் தொடங்குவது ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவது இன்னொன்று. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது இங்கேயும் வீட்டுக்கு வீடு குழி தோண்டி, சல்லியும் மணலும் நிரப்பி, ஓட்டுத் தண்ணீரை அதில் இறக்கினார்கள். முதல் வருடம் குழி மடமடவென்று குடிக்கும். சில மழைக்காலம் போனால் தண்ணீர் மேலேயே நிற்கும். ‘மணல் அடைத்துப் போச்சு’ என்று சொல்லி மொத்த மணலையும் அள்ளிவிட்டுப் புது லோடு அடிப்பார்கள்.

என்னைக் கேட்டால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு அடைத்தது’ என்பதல்ல, ‘எங்கே அடைத்தது’ என்பது. மேலே ஒரு விரற்கடையில் அடைத்திருந்தால் சுரண்டி எடுத்தால் போதும். உள்ளே ஆழத்தில் அடைத்திருந்தால் சுரண்டிப் பயனில்லை. இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிபோன்ற குழாயில் மணலை நிரப்பி, பக்கவாட்டில் மூன்று டியூப் செருகினால் சொல்லிவிடலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ கல்லூரி புராஜெக்டுக்கோ செய்பவர்கள், கிணறு சம்பந்தமான வேலையில் புதிதாக இறங்கியவர்கள், எல்லோருக்கும் இந்த ஒரே அமைப்பு போதும்.

முதலில் நம் ஊர்ப் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை

மணலைப்போல உள்ளே துளைகள் இருந்து தண்ணீரை விடும் பாறைக்கு நுண்துளைப் பாறை என்று பெயர். அதைக் கேட்டதும் கருங்கல் குவாரியை நினைக்க வேண்டாம். மாவட்டத்தின் பெரும்பகுதியில் கீழே இருப்பது சார்னோகைட், கோண்டலைட், நைஸ் வகைக் கடினப் பாறைகள். புதுக் கல்லாக இருக்கும்போது அவற்றில் துளை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் போவது விரிசல் வழியாகவும், மேலே சிதைந்து மண்ணாகிக் கிடக்கும் அடுக்கு வழியாகவும்தான். உண்மையிலேயே துளை உள்ளது மேற்கே விளவங்கோடு பக்கத்தில் வீடு கட்ட வெட்டி எடுக்கும் வெட்டுக்கல்லும், கடலோரத்து மணலும்தான். ஒரு துண்டு வெட்டுக்கல்லையும் ஒரு துண்டு கருங்கல்லையும் வெயிலில் காய வைத்து, இரண்டின் மேலும் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒன்று குடித்துவிடும், மற்றதில் முத்துப்போல் நிற்கும். நாம் குழாயில் படிக்கப்போவது முதல் வகையைப் பற்றி.

வாங்க வேண்டியவை

உள்விட்டம் 5 செ.மீ., நீளம் 60 செ.மீ. உள்ள ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய். அதன் அடிக்குப் பொருந்தும் பிவிசி மூடி. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இரண்டு மீட்டர். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்ற விற்கும் டியூப் செட் மூன்று. கொசுவலைத் துண்டு, பழைய நைலான் சேலைத் துண்டு, எம்-சீல், மீன் தொட்டியில் போடும் சின்ன மோட்டார், வாளி இரண்டு, அளவு ஜாடி, சமையலறைத் தராசு. நேரம் பார்க்க கைபேசி.

அக்ரிலிக் குழாய் கிடைக்கவில்லை என்று சிலர் இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைப்பார்கள். காட்சிக்கு அது சரி. ஆனால் பாட்டிலின் விட்டம் கழுத்துப் பக்கம் குறுகிக்கொண்டே போவதால் கணக்குப் போட முடியாது.

மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் கறுப்பும் சிவப்புமான மணலில் இல்மனைட், கார்னெட், மோனோசைட் எல்லாம் கலந்திருக்கிறது. மோனோசைட்டில் தோரியம் உண்டு. அதை அள்ளுவதற்குச் சட்டம் தடை போட்டிருப்பது ஒரு காரணம். கார்னெட்டும் இல்மனைட்டும் சாதாரண மணலைவிட மிகக் கனமானவை என்பது இன்னொரு காரணம்: நிரப்பும்போதே அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு சட்டி எம்-சாண்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மணலைத் தயார் செய்தல்

எம்-சாண்டில் கல்தூள் நிறைய இருக்கும். அதைப் போக்காமல் குழாயில் போட்டால் நீங்கள் சேறு ஊற்றும் முன்பே மணல் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். வாளியில் போட்டுக் கிளறி, கலங்கல் தண்ணீரை வடித்து, ஊற்றும் தண்ணீர் அப்படியே தெளிவாகத் திரும்பி வரும்வரை கழுவுங்கள். பொறுமை வேண்டும். பாதியில் விட்டவர்களுக்குப் பின்னால் வரும் எண் எதுவும் நம்பக் கூடியதாக இராது.

காய்ந்தபின் இரண்டு அரிப்பில் சலிக்க வேண்டும். பெரிய கண் அரிப்பில் விழுந்தது, சின்னக் கண் அரிப்பில் நின்றது: அந்த நடுப்பங்கு மட்டும் போதும். அரிப்பின் கண் அளவு கடைக்காரருக்கும் தெரியாது, அதனால் மணியையே அளந்துவிடுங்கள். ஒரு ஸ்கேலின் ஓரத்தில் ஊசி முனையால் 20 மணியை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வரிசையாக நகர்த்தி வையுங்கள். மூச்சுக்காற்று பட்டாலே உருளும், மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யவும். 20 மணி சேர்ந்து 14 மி.மீ. வந்தால் ஒரு மணி 0.7 மி.மீ. இந்தக் கட்டுரையில் இனி வரும் கணக்கெல்லாம் இந்த 0.7-ஐ வைத்துத்தான்.

அப்புறம் துளையின் பங்கு. ஜாடியில் 500 மி.லி. கோடு வரை மணலைத் தட்டி நிரப்பி, மணலின் மேல்மட்டம் வரை தண்ணீர் ஏற எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று பாருங்கள். 200 மி.லி. பிடித்தால் நுண்துளைமை 40 சதவீதம். சலித்த மணலுக்குக் கிட்டத்தட்ட அங்கேதான் வரும்.

குழாயை மாட்டுதல்

மூடியில் ஓட்டை போட்டு மட்ட டியூபைச் செருகி எம்-சீல் வையுங்கள். மூடிக்கு உள்ளே கொசுவலை, அதற்கு மேல் கால் இஞ்சுச் சல்லி 4 செ.மீ. அதன் மேல் மணல் 30 செ.மீ. வரும். மணலுக்கு மேல் 20 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும்; அந்த உயரத்தில் குழாயின் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு வழிந்தோட விட்டால் மேல்மட்டம் எப்போதும் மாறாது. மோட்டார் வாளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்கும், மிச்சம் வழிந்து வாளிக்கே திரும்பும். மோட்டார் சுற்றுவதால் வாளியில் சேறு அடியில் படியாமலும் இருக்கும், ஒரே செலவில் இரண்டு வேலை.

பக்கவாட்டில் மூன்று இடத்தில் மெல்லிய ஓட்டை. முதல் டியூப் மணலுக்கு மேலே தண்ணீரில். இரண்டாவது, மணல் மட்டத்திலிருந்து 3 செ.மீ. கீழே. மூன்றாவது 28 செ.மீ. கீழே. மூன்றும் குளுக்கோஸ் டியூப். உள்முனையில் நைலான் துணியைச் சுற்றி மணல் வராமல் கட்டி, வெளிப்பக்கம் மேலே தூக்கி ஒரு பலகையில் ஸ்கேலோடு ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும் மட்டம் அந்தந்த இடத்து அழுத்தத்தைக் காட்டும். மூன்றுக்கும் ஒரே வகை டியூபாக இருக்க வேண்டும். மெல்லிய டியூபில் தண்ணீர் தானாகவே கொஞ்சம் ஏறும். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஏறினால் கழிக்கும்போது அது போய்விடும்.

வெளியேறும் மட்ட டியூபின் முனையைக் கீழே தொங்கவிடுவதுதான் புதியவர்களுக்கு முதலில் தோன்றும். செய்யாதீர்கள். முனையை மேலே தூக்கி, மணல் மட்டத்துக்கும் 5 செ.மீ. மேலே கட்டுங்கள். அப்போது மேல்மட்டத்துக்கும் வெளிமுனைக்கும் உள்ள வித்தியாசம் 15 செ.மீ.; தண்ணீரை ஓட்டுவது அதுதான். முனையைத் தாழ்த்தினால் ஓட்டம் கூடும், உண்மை. ஆனால் மேற்பகுதி அடைக்கத் தொடங்கியதும் அதற்குக் கீழே உறிஞ்சல் உண்டாகி, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழியாக வெளியே வந்து மணலில் உட்கார்ந்துகொள்ளும். சேறு அடைத்ததா காற்று அடைத்ததா என்று பிறகு பிரித்துச் சொல்லவே முடியாது.

அதே காற்றுப் பயத்தால்தான் மணலை உலர்வாகக் கொட்டக் கூடாது. குழாயில் முதலில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. அதில் மணலைக் கரண்டி கரண்டியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் குழாயை விரலால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் மட்டம் எப்போதும் மணலுக்கு மேலே. குழாய்ச் சுவரை ஒட்டி வெள்ளிப் பொட்டுபோல ஏதாவது மின்னினால் அது காற்று. நீளமான கம்பியால் குத்தி வெளியேற்றிவிட்டு மேலே தொடருங்கள்.

சுத்தத் தண்ணீரில் ஒரு அளவு

பிரான்சின் திஜோன் நகரத்தில் ஆன்றி டார்சி என்ற பொறியாளர் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். வடிகட்டி மணல் எவ்வளவு தண்ணீர் விடும் என்று தெரிய, இரும்புக் குழாயில் மணல் நிரப்பி அளந்தார். 1856-இல் அவர் அச்சில் கொடுத்த விதி இன்றுவரை மாறவில்லை. ஓட்டம், குழாயின் பரப்பைப் பொறுத்தும் மட்ட வித்தியாசத்தைப் பொறுத்தும் கூடும். மணலின் நீளத்தைப் பொறுத்துக் குறையும். மீதி இருக்கும் ஒரு எண், அந்த மணலின் கடத்துதிறன்.

வெளிமுனையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 180 மி.லி. வந்ததாக வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 3 மி.லி. குழாயின் பரப்பு 19.6 சதுர செ.மீ. இரண்டாவது, மூன்றாவது டியூபுகளுக்கு இடையே தூரம் 25 செ.மீ., மட்ட வித்தியாசம் 12.5 செ.மீ. கடத்துதிறன் = 3 × 25 ÷ (19.6 × 12.5). நொடிக்கு சுமார் 0.31 செ.மீ. இந்த அளவு மணலுக்கு அது நியாயமான எண். பத்து மடங்கு குறைவாக வந்தால் மணல் சரியாகக் கழுவப்படவில்லை, இல்லையென்றால் காற்று.

தண்ணீரின் வெப்பத்தையும் குறித்து வையுங்கள். 25 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீர் பத்து சதவீதத்துக்கும் மேல் இளக்கமாக ஓடும். மொட்டைமாடித் தொட்டியில் மத்தியானம் பிடித்த தண்ணீரையும் அதிகாலையில் பிடித்ததையும் ஒப்பிட்டால் இல்லாத அடைப்பு இருப்பதாகத் தெரியும். ஒரு மணி நேரம் இப்படியே ஓடவிட்டு, எண் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேற்றைத் தொட வேண்டும்.

சேற்றை மூன்றாகப் பிரித்தல்

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் செம்மண் கிடைக்கும். (முட்டத்துச் செம்மண் மேடு அழகாகச் சிவந்திருக்கிறதே என்று அங்கே போய்ச் சுரண்ட வேண்டாம், ஏற்கெனவே மழை அரித்துக்கொண்டிருக்கிறது.) ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து நன்றாகக் கலக்குங்கள்.

கலக்கி நிறுத்தியதிலிருந்து ஒரு நிமிடம். அதற்குள் அடியில் விழுந்தது பெருந்துகள்: சுமார் 50 மைக்ரானும் அதற்கு மேலும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேல் கலங்கலை இன்னொரு வாளிக்கு மாற்றி 20 நிமிடம் விடுங்கள். மேலிருந்து 10 செ.மீ. ஆழத்துக்கு அப்போது மிஞ்சியிருப்பவை 10 மைக்ரானுக்குக் கீழ். அடியில் விழுந்தது நடுத்துகள். மேல் 10 செ.மீ.-ஐ மட்டும் மெதுவாக வடித்து, அதே ஆழத்தில் இரவு முழுக்க, ஒரு எட்டு மணி நேரம் வைத்தால், காலையில் கலங்கலாகவே நிற்பது 2 மைக்ரானுக்கும் குறைந்த களி. துகளின் விட்டம் பாதியானால் விழும் வேகம் கால்வாசியாகிவிடும், அதனால்தான் இத்தனை நேர வித்தியாசம்.

மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் வருமாறு கலக்குங்கள். 100 மி.லி. எடுத்து எவர்சில்வர் தட்டில் வெயிலில் வற்ற வைத்து எடை பார்த்தால் செறிவு தெரிந்துவிடும். சமையலறைத் தராசு இவ்வளவு சின்ன எடைக்குத் தடுமாறினால் ஒரு லிட்டரையே வற்ற வையுங்கள். அடுத்து அந்தக் கலங்கலைப் பாதி, கால், அரைக்கால் என்று தண்ணீர் விட்டு ஒரே மாதிரிப் பாட்டில்களில் வரிசையாக வைத்துக்கொண்டால், வெளிவரும் தண்ணீரின் கலங்கலை கண்ணாலேயே ஒப்பிட்டு மதிப்பிடலாம்.

ஓட்டிப் பார்த்தல்

ஒவ்வொரு துகளுக்கும் புது மணல் நிரப்பி ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு எண்: வெளிவரும் மி.லி., மூன்று டியூபின் மட்டம். இதோடு மணலின் நிறம் எவ்வளவு ஆழத்துக்கு மாறியிருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

பெருந்துகள் ஓட்டும்போது வேடிக்கை சீக்கிரமே முடிந்துவிடும். மணலின் மேல் செம்பழுப்பில் ஓர் ஆடை படிந்துவிடும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் முதலில் 1.5 செ.மீ. இருந்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போய், 11.8 செ.மீ. ஆகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்த 12.5 அப்போது 3-க்கு இறங்கியிருக்கும். ஓட்டம் நிமிடத்துக்கு 43 மி.லி. இனி அதே கணக்கைப் போடுங்கள். கீழே உள்ள 25 செ.மீ. மணலின் கடத்துதிறன் பழைய 0.31-தான், ஒரு இம்மியும் குறையவில்லை! மேல் 3 செ.மீ.-இன் கடத்துதிறன் மட்டும் சுமார் முப்பத்துமூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வெளிமுனையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ‘மணல் முழுக்கப் போச்சு’ என்பார். இரண்டாவது டியூப் இல்லையென்றால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

இதைத் தாளிலும் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. மணலில் மேல் ஒரு செ.மீ. மட்டும் நூறில் ஒரு பங்கு கடத்துவதாக வைத்தால், அந்த ஒரு செ.மீ. 100 செ.மீ. மணலுக்குச் சமமான தடை கொடுக்கும். மொத்தத் தடை 30-லிருந்து 129 ஆகும். ஓட்டம் கால்வாசிக்கும் கீழே. மீதி 29 செ.மீ. சுத்தமாகத்தான் இருக்கும்.

நடுத்துகளின் போக்கு வேறு. ஆடை உடனே படியாது. மணலுக்குள்ளேயே மேலே அடர்த்தியாக, கீழே போகப்போக வெளிறி, ஒரு சாயம் இறங்கும். இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு: முதல் செ.மீ. வரும் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கிறதோ, அடுத்த செ.மீ.-உம் தனக்கு வந்ததில் அதே பங்கைப் பிடிக்கும். ஜப்பானிய ஆய்வாளர் இவாசாகி 1937-இல் இதை எழுதினார். அப்படியென்றால் அடி மணலுக்கு வந்து சேர்வதே கொஞ்சம்தான்.

எந்தத் துகள் எங்கே நிற்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அதில் ஒரு தமிழர் பெயர் வருகிறது. ஆர். சக்திவடிவேல் 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனோடு சேர்ந்து, உருண்டைகள் நிரப்பிய குழாய்களில் வண்டல் அடைப்பதை ஆராய்ந்தார். (ஆமாம், அந்த ஐன்ஸ்டைனின் மகன்தான், ஆற்று மணல் நகர்வதைப் படிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்.) அந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது இது: மணியின் விட்டம் துகளைப் போல் பத்து மடங்குக்கும் குறைவாக இருந்தால் துகள் உள்ளே போகாது, மேலே ஆடையாகும். பத்திலிருந்து இருபது மடங்குக்குள் என்றால் உள்ளே போய்த் துளைகளில் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். நம் கிணற்றுக்கு மிகக் கெட்டது இதுதான். இருபதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் கடந்து போய்விடும், கொஞ்சம்தான் ஒட்டும். நம் 0.7 மி.மீ. மணலுக்கு அந்தக் கெட்ட இடைவெளி 35 முதல் 70 மைக்ரான்.

ஒன்றையொன்று தொடும் மூன்று உருண்டை மணிகளின் நடுவே உள்ள இடுக்கு, மணி விட்டத்தில் 0.155 பங்கு, நமக்கு 108 மைக்ரான். அப்படியானால் 40 மைக்ரான் துகள் ஏன் மாட்டுகிறது? ஒன்றாக வந்தால் மாட்டாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் வாசலுக்கு ஒருவர் தாராளமாக நுழையலாம், மூன்று பேர் ஒரே நேரத்தில் தோளைக் கொடுத்தால் மூன்று பேரும் நிற்க வேண்டியதுதான். துகள்களும் இடுக்கில் தோளோடு தோள் சேர்ந்து வளைவு கட்டிவிடும். கலங்கலின் செறிவு கூடக்கூட இப்படி நடக்கும் வாய்ப்பும் கூடும், ஆகவே செறிவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

எவ்வளவு சேறு இதற்குத் தேவை என்பதுதான் பலருக்கும் ஆச்சரியம். 10 லிட்டர் ஓட்டினால் 10 கிராம் மண். கட்டியாக அதன் கனஅளவு 4 மி.லி.கூட இல்லை. குழாயிலுள்ள துளைகளின் மொத்த இடமோ 235 மி.லி. இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக நிரப்பிவிட்டு ஓட்டத்தைப் பாதியாக்க முடிகிறதென்றால், அது பரவலாக இல்லாமல் மேலே குவிந்ததாலும், இளகலாகப் படிந்து தன் கனஅளவைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்ததாலும்தான். கோசெனி, கார்மன் இருவர் பெயரால் வழங்கும் சூத்திரப்படி, நுண்துளைமை 40-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கினாலே கடத்துதிறன் 43 சதவீதம் குறையும். இடுக்கைக் குறிபார்த்து அடைக்கும் இடத்தில் சூத்திரம் சொல்வதைவிடவும் அதிகமாகக் குறையும்.

களியும் உப்பும்

மூன்றாவது பாத்திரத்துக் களியை ஓட்டினால் பெரும்பாலும் அப்படியே கலங்கலாக வெளியே வரும். மணியும் களியும் இரண்டும் எதிர்மின் சுமை கொண்டவை, கிட்டே வந்தால் தள்ளிக்கொள்ளும். மழைத் தண்ணீரில் இது நன்றாகத் தெரியும். இப்போது அதே கலங்கலில் லிட்டருக்கு 30 கிராம் உப்பைக் கரைத்து, உடனே புது மணலில் ஓட்டுங்கள். வெளியே வருவது தெளிந்துவிடும்: உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்துகிறது, களி மணியோடும் தன்னோடும் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்ததுதான் நம் கடலோரத்துக்கு முக்கியம். உப்புத் தண்ணீரில் களி ஒட்டிய அதே மணலில், எதையும் கலைக்காமல், மழைத் தண்ணீரை ஓட்டுங்கள். முதலில் உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் தெளிவாக வரும். துளைகளின் இடத்தை ஒருமுறை நிரப்பும் அளவு, அதாவது கால் லிட்டர் போல, ஓடி முடிந்தபின் கவனியுங்கள். திடீரென்று தண்ணீர் கலங்கும். ஒட்டியிருந்த களி மொத்தமாகக் கழன்று கீழே போகிறது. போகிற வழியில் இடுக்குகளில் மாட்டி, இந்தத் தடவை மூன்றாவது டியூபுக்குப் பக்கத்தில் அடைப்பைக் காட்டும். சுரண்டி எடுக்க முடியாத அடைப்பு இது.

எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. மும்பை ஐஐடியில் பணியாற்றிய கார்த்திக் கிலார், ஸ்காட் ஃபோக்லரோடு சேர்ந்து 1984-இல் அமெரிக்காவின் பெரியா (Berea) மணற்பாறையில் இதற்கு ஓர் எல்லை இருப்பதைக் காட்டினார்: சோடியம் குளோரைடு லிட்டருக்கு சுமார் 4 கிராமுக்குக் கீழே போனதும் களி கழல ஆரம்பிக்கிறது. கடல்நீரில் எல்லா உப்பும் சேர்ந்து லிட்டருக்கு சுமார் 35 கிராம் இருக்கிறது, மழையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இராஜாக்கமங்கலத்திலிருந்து குளச்சல் வரைக்கும் கடலோரத்தில் உவர்ப்பு ஏறிய கிணற்றிலோ போரிலோ கூரைத் தண்ணீரைத் திடுமென இறக்குபவர்கள் இந்த எல்லையை ஒரே மழையில் தாண்டுகிறார்கள்.

பரிசோதனைக்கு முதலில் பொடி உப்பைப் பயன்படுத்துங்கள். சாமித்தோப்பு, புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பில் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், அவை களியை இறுக்கிப் பிடித்து விளைவை மங்கலாக்கலாம். அதையே பிற்பாடு சாதகமாக்கிக்கொள்ளலாம். உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, உப்புத் தண்ணீருக்கும் மழைத் தண்ணீருக்கும் நடுவே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கலங்கல் வெகுவாகக் குறைந்திருக்கும். இதை அப்படியே குடிநீர்க் கிணற்றில் செய்யச் சொல்லவில்லை. குழாயில் பார்ப்பதற்குச் சொல்கிறேன்.

குழிக்கு வரும்போது

குழாயில் கண்டதை வைத்துக் குழியில் மாற்ற வேண்டியவை சிலதான். ஓட்டிலிருந்து வரும் முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ளிவிட ஒரு கிளைக் குழாய். குழிக்கு முன்னால் தண்ணீர் சற்று நின்று வரும் சின்னத் தொட்டி. ஒரு நிமிடம் நின்றாலே 50 மைக்ரான் துகள் 10 செ.மீ.-க்கு மேல் இறங்கிவிடும் என்பதைப் பார்த்தோம், கெட்ட இடைவெளியின் மேல்பாதி அங்கேயே போய்விடுகிறது. மணல் அடுக்கில் மிக நுண்ணிய மணலை மேலே போட வேண்டும், கீழே அல்ல. மேலே அடைத்தால் கையால் எடுக்கலாம். பலரும் சல்லியை மேலேயும் மணலை அடியிலும் போடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மேல்மணலுக்கும் கீழ்ச்சல்லிக்கும் நடுவே ஒரு வலை. வருடத்துக்கு இரண்டு தடவை, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், மேல் இரண்டு மூன்று செ.மீ. மணலைச் சுரண்டி அந்த அளவுக்குப் புது மணல் போட்டால் போதும்.

குழியிலும் ஒரு டியூப் வைக்கலாம். பக்கத்தில் ஓட்டை போட்ட முக்கால் இஞ்சு பிவிசி குழாயை, வலை சுற்றி, மணலில் அரை அடி ஆழத்தில் நட்டு வையுங்கள். மழை பெய்யும்போது குழிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் அந்தக் குழாய்க்குள் நிற்கும் மட்டத்தையும் ஒரு குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். குழியில் தண்ணீர் நிறைந்து குழாய் காலியாக இருந்தால் மண்வெட்டியை எடுங்கள், மேல் மணல்தான். இரண்டும் சமமாக நிறைந்து நின்றால் மணலில் கை வைக்க வேண்டாம். அடைப்பு அதற்குக் கீழே, சல்லிக்கும் தரைக்கும் நடுவிலோ தரைக்குள்ளேயோ இருக்கிறது, குழியை இன்னும் ஆழமாக்குவது பற்றி யோசிக்க வேண்டியதுதான்.